ஊருணித் தண்ணீரில் ஆன்டிபயாடிக் மிச்சம்: படித்துறையில் கேட்ட கேள்விகளும் பதில்களும்

காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று செட்டிநாட்டுப் பக்கம் ஊருணிகளிலும் கண்மாய்களிலும் தண்ணீர் சாம்பிள் எடுக்கப் போனால், படித்துறையில் நாலு பேராவது வந்து நிற்பார்கள். என்ன சோதிக்கிறீர்கள் என்பார்கள். ஆன்டிபயாடிக் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கிறோம் என்றால், அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். ஐஸ் பெட்டி உருகிக்கொண்டிருக்கும்போது நின்று பதில் சொல்ல முடிவதில்லை. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

ஊருணிக்குள் யாரும் மாத்திரையைக் கொட்டுவதில்லையே, அப்புறம் எப்படி வரும்?

யாரும் கொட்ட வேண்டியதே இல்லை. அமாக்ஸிசிலின் மாத்திரை ஒன்றை விழுங்கினால், அதில் பாதிக்கும் மேல் எந்த மாற்றமும் இல்லாமல் சிறுநீரில் வெளியே வந்துவிடும். சிப்ரோஃப்ளாக்சசினும் கிட்டத்தட்டப் பாதி அப்படியே வரும். அது கழிப்பறை வழியாக செப்டிக் டேங்குக்குப் போகிறது. செப்டிக் டேங்க் மலத்தை மட்கவைக்கும். மருந்தை அழிக்க அதை யாரும் கட்டவில்லை. கசிவுக்குழியிலிருந்து மண்ணுக்குள் இறங்கும். டேங்க் நிரம்பினால் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். அந்த லாரி எங்கே போய்த் திறந்துவிடுகிறது என்பதுதான் எனக்கு மனசு ஆறாத விஷயம். இருட்டிய பிறகு ஒரு கண்மாய்க்கரையில் குழாய் திறந்து கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

மனிதர்கள் மட்டுமல்ல. பசுவுக்கு மடிவீக்கம் வந்தால் ஊசி போடுகிறோம். கோழிப்பண்ணையில் தண்ணீரில் கலந்து மருந்து கொடுக்கிறார்கள். அந்தச் சாணமும் கோழி எருவும் வயலுக்குப் போகின்றன. ஐப்பசியில் மழை அடித்தால் வயலும் பொட்டலும் கழுவப்பட்டு, வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்கு வரும். பெரிய ஆறு ஓடாத இந்தச் சீமையில் ஒரு சொட்டு மழைகூட வீணாகக் கூடாது என்றுதான் வரத்துக்கால்களை வெட்டி, கண்மாயையும் ஊருணியையும் நம் முன்னோர் இணைத்தார்கள். அந்த அருமையான வேலைதான், பொட்டலில் நாம் போடுகிற எதையும் தவறாமல் தண்ணீருக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது.

எவ்வளவு இருக்கும் என்று தேடுகிறீர்கள்?

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நூறு மீட்டர் நீளம், ஐம்பது மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் உள்ள ஒரு ஊருணியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 10,000 கன மீட்டர், அதாவது ஒரு கோடி லிட்டர் தண்ணீர் இருக்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒன்றை அதில் முழுக்கக் கரைத்தால், லிட்டருக்கு 50 நானோகிராம் வரும். நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. நாங்கள் தேடுவது இந்த அளவைத்தான். நல்ல கருவியும் நல்ல கையும் இருந்தால் இதைவிடக் குறைவாகவும் அளக்கலாம்.

இன்னொன்றும் இந்தக் கணக்கில் தெரியும். பங்குனி, சித்திரையில் அதே ஊருணி கால்வாசியாக வற்றிவிட்டால், மருந்து சிதையாமல் இருக்கிற பட்சத்தில், 50 என்பது 200 ஆகிவிடும். தண்ணீர்தான் ஆவியாகும், மருந்து ஆவியாகாது.

ஒரே ஒரு மாத்திரை அளவுதானே! அதனால் என்ன கெட்டுவிடும்?

குடிக்கிறவருக்கு நேரடியாக ஒன்றும் ஆகாது. அந்த 500 மில்லிகிராம் உங்கள் உடம்புக்குள் போக நீங்கள் ஒரு கோடி லிட்டரையும் குடித்தாக வேண்டும். பயப்பட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது.

ஊருணித் தண்ணீரிலும் சேற்றிலும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. மருந்து நிறைய இருந்தால் எல்லாம் சாகும். கொஞ்சமாக, ஓயாமல் இருந்தால் சாகாது; ஆனால் அந்த மருந்தைத் தாங்கும் திறன் உள்ளவை மற்றவற்றைவிடச் சற்று வேகமாகப் பெருகும். கொல்லத் தேவையான அளவைவிடப் பல மடங்கு குறைந்த செறிவிலேயே இந்தத் தேர்வு நடக்கிறது என்று 2011-லேயே ஆய்வகத்தில் காட்டிவிட்டார்கள். தாங்கும் திறனுக்கான மரபணுவை ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குக் கைமாற்றிவிடவும் முடியும். தண்ணீரில் இருக்கும் சாதுவான பாக்டீரியாவிடம் இருந்தது, நாளைக்கு நோய் தரும் பாக்டீரியாவிடம் போகலாம்.

எந்த அளவுக்கு மேல் போனால் இந்தத் தேர்வு நடக்கலாம் என்று 2016-ல் பெங்ட்சன்-பால்மே, லார்சன் என்ற இரு ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஒரு பட்டியல் போட்டார்கள். அதில் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு லிட்டருக்கு 64 நானோகிராம். அசித்ரோமைசினுக்கு 250. டெட்ராசைக்ளினுக்கு 1,000. சல்ஃபாமெதாக்சசோலுக்கு 16,000. நம் ஊருணியில் கரைத்த ஒற்றை மாத்திரையின் 50 நானோகிராமை இந்த 64-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சின்ன அளவு என்று தள்ளிவிட முடியாதது அதனால்தான்.

உச்சம் எவ்வளவு போகும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. ஹைதராபாத் பக்கம் பட்டன்செருவில் மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததாக 2007-ல் வெளியான ஆய்வு சொன்னது. மருந்து சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் இருக்கும் அளவைவிட அது அதிகம். செட்டிநாட்டில் அந்த மாதிரி ஆலைகள் கிடையாது. இங்கே வருவது வீடு, ஆஸ்பத்திரி, தொழுவம், பண்ணை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வருவது. அதனால்தான் நுட்பமாகத் தேட வேண்டியிருக்கிறது.

தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறதே? டி.டி.எஸ். மீட்டரும் நல்லா காட்டுதே?

இந்த அளவில் மருந்துக்கு நிறம், மணம், சுவை எதுவும் இல்லை. டி.டி.எஸ். மீட்டர் கரைந்த உப்புகளை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று மதிப்பிடும். நாங்கள் தேடுவது அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வழக்கமான குடிநீர்ச் சோதனையிலும் இது வராது.

சாம்பிள் எடுப்பதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது? ஒரு பாட்டிலில் மொண்டால் போதாதா?

போதாது. எல்லாக் கேள்விகளிலும் எனக்கு முக்கியமானது இதுதான். கோடி ரூபாய்க் கருவி ஆய்வகத்தில் இருக்கும். ஆனால் எண் சரியா தப்பா என்பது பெரும்பாலும் படித்துறையிலேயே முடிவாகிவிடுகிறது.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். கொத்தமங்கலம் பக்கம் ஒரு குடிநீர் ஊருணி. செம்புராங்கல் படிகள், சுற்றிலும் சுவர், செருப்போடு யாரும் இறங்க மாட்டார்கள். அவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள். முடிவு வந்தபோது சல்ஃபாடயசின் என்ற மருந்து பளிச்சென்று தெரிந்தது. அந்த ஊர்க்காரர்களின் முகத்தை நினைத்ததும் எனக்குத் தூக்கமே இல்லை. அப்புறம் கள வெற்றுச் சாம்பிளைப் பார்த்தோம். அது என்னவென்றால், ஆய்வகத்திலிருந்து சுத்த நீரை ஒரு பாட்டிலில் கொண்டுபோய், ஊருணிக்கரையில் திறந்து, வேறு பாட்டிலுக்கு மாற்றி, மற்ற சாம்பிள்களோடு திரும்பக் கொண்டுவருவது. அதில் மருந்து எதுவும் இருக்கக் கூடாது. அதிலும் சல்ஃபாடயசின் இருந்தது! விசாரித்தால், சாம்பிள் எடுத்த தம்பிக்கு முந்தின நாள் கையில் சுடுதண்ணீர் கொட்டியிருக்கிறது. தீக்காயத்துக்குப் போடும் வெள்ளைக் களிம்பைத் தடவியிருக்கிறான். அந்தக் களிம்பின் மருந்து சில்வர் சல்ஃபாடயசின். காயம் எரிந்ததால் கையுறையைப் பாதியில் கழற்றிவிட்டான். அந்த விரல்தான் பாட்டில் மூடியின் உள்பக்கத்தைத் தொட்டது.

மறுவாரம் போய் எடுத்தோம். சல்ஃபாடயசின் இல்லை. அந்த வெற்றுச் சாம்பிள் மட்டும் இல்லையென்றால், நல்ல ஊருணி ஒன்றின் மேல் தப்பான பழி விழுந்திருக்கும்.

அதனால் எடுக்கும் முறை இப்படி. வெளிச்சம் பட்டால் சிப்ரோஃப்ளாக்சசின் வகையும் டெட்ராசைக்ளின் வகையும் சிதையும். ஆகவே பழுப்புக் கண்ணாடிப் பாட்டில், மெத்தனாலால் கழுவி உலர்த்தியது. நைட்ரைல் கையுறை. ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவரும் மருந்துக் களிம்பு போட்டவரும் பாட்டிலைத் தொடக் கூடாது. படியோரம் மேலாக மொள்ளக் கூடாது. அங்கே எண்ணெய், சோப்பு, இலைதழை எல்லாம் ஒதுங்கியிருக்கும். கொஞ்சம் உள்ளே போய், பாட்டிலைக் கவிழ்த்த நிலையில் ஒரு அடி ஆழத்துக்கு இறக்கி, அங்கே நிமிர்த்தி நிரப்ப வேண்டும். வரத்துக்கால் வந்து சேரும் இடத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, ஆட்கள் புழங்கும் படித்துறைப் பக்கம் ஒன்று என்று குறைந்தது மூன்று. ஊருணி ஓடுகிற ஆறு மாதிரிக் கலந்துவிடாது. ஒரு மூலை மாதிரி இன்னொரு மூலை இருக்காது.

பிறகு ஐஸ். காரைக்குடி வெயிலில் காரின் டிக்கியில் மூன்று மணி நேரம் கிடந்த பாட்டிலைச் சோதித்துப் பலனில்லை. பாட்டிலுக்குள்ளேயும் பாக்டீரியா உயிரோடு இருக்கிறது, அது மருந்தைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். நான்கு டிகிரியில் வைத்து, முடிந்தால் 48 மணி நேரத்துக்குள் அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.

குழாய்த் தண்ணீர் என்றால் இன்னொன்றும் உண்டு. மேல்நிலைத் தொட்டியில் குளோரின் போட்டிருப்பார்கள். அது பாட்டிலுக்குள்ளும் வேலை செய்து, வழியிலேயே மருந்தைத் தின்றுவிடும். எடுத்த உடனே அஸ்கார்பிக் அமிலமோ சோடியம் தயோசல்ஃபேட்டோ சேர்த்துக் குளோரினை அடக்கினால்தான், குழாயில் வந்தபோது என்ன இருந்ததோ அது ஆய்வகம் வரை தாங்கும்.

ஆய்வகத்தில் என்னதான் செய்கிறீர்கள்?

முதலில் கண்ணாடி நார் வடிதாளில் வடிகட்டுவோம். நம் பக்கத்துத் தண்ணீரில் செம்மண் நுண்துகள் நிறைய. வடிதாள் செங்காவி நிறமாகிவிடும். பிறகு அமிலம் சேர்த்து பி.எச். அளவை 3-க்குப் பக்கம் இறக்குவோம். அதோடு இ.டி.டி.ஏ. என்ற உப்பைச் சேர்ப்போம். டெட்ராசைக்ளின் கால்சியம், மக்னீசியம், இரும்பு போன்ற உலோகங்களோடு இறுக ஒட்டிக்கொள்ளும். இ.டி.டி.ஏ. அந்த உலோகங்களைத் தான் பிடித்துக்கொண்டு மருந்தை விடுவிக்கும். செம்மண் சீமையில் இந்தப் படியைத் தவறவிட்டால், டெட்ராசைக்ளின் இருந்தும் இல்லாத மாதிரி முடிவு வரும்.

அடுத்து செறிவேற்றுவது. சிறு பிளாஸ்டிக் குழலில் ஒரு விசேஷப் பாலிமர்ப் பொடி அடைத்திருக்கும். அரை லிட்டர் தண்ணீரை அதன் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்குவோம். இதை நின்று பார்த்திருக்க வேண்டும். கண்மாய்த் தண்ணீர் இறங்க இறங்க, வெள்ளைப் பொடியின் மேல் விளிம்பில் தேநீர்க் கறை மாதிரி ஒரு பழுப்பு வளையம் ஏறும். கருவேல இலையும் பட்டையும் ஊறிய சாறு அது. மருந்தும் அதே பொடியில்தான் ஒட்டிக்கொள்கிறது. அவசரப்பட்டு வேகமாக இழுத்தால் ஒட்டாமல் ஓடிவிடும். கழுவி, உலர்த்தி, மெத்தனால் ஊற்றி மருந்தை இறக்கி, கடைசியில் ஒரு மில்லிலிட்டராக ஆக்குவோம். அரை லிட்டர் ஒரு மில்லிலிட்டர் ஆனால் 500 மடங்கு செறிவு. இப்போது கருவியின் கண்ணுக்குத் தெரியும்.

கருவியின் பெயர் எல்.சி.-எம்.எஸ்./எம்.எஸ். அதன் முதல் பாதி, கலவையில் உள்ளவற்றை ஒரு மெல்லிய குழலில் ஓடவிட்டுப் பிரிக்கும். ஒவ்வொரு மருந்தும் தனக்கென்ற நிமிடத்தில் வெளியே வரும். இரண்டாம் பாதி அவற்றை மின்னூட்டி எடை போடும். சல்ஃபாமெதாக்சசோல் 254 என்ற எடையில் வரும். அதைத் தனியே பிரித்து வாயு மூலக்கூறுகளோடு மோதவிட்டு உடைத்தால் 156, 108 என்ற துண்டுகள் கிடைக்கும். 156 மட்டும் இருந்தால் போதாது. அது சல்ஃபா குடும்பத்துக்கே பொதுவான துண்டு. அந்தக் களிம்பின் சல்ஃபாடயசினிலும் வரும், ஆனால் அதன் முழு எடை 251. வெளிவரும் நிமிடம், முழு எடை, இரண்டு துண்டுகள், துண்டுகளுக்கு இடையிலான விகிதம் ஆகிய நான்கும் சரியாகப் பொருந்தினால்தான் இன்ன மருந்து என்று பெயர் சொல்வோம்.

அப்புறம் அந்தக் கருவேலச் சாறு. அது கருவிக்குள் மருந்தோடு சேர்ந்து வந்து, மருந்தை மின்னூட்ட விடாமல் அமுக்கும். 100 இருந்தால் 40 என்று காட்டும். இதைச் சரிக்கட்ட, கனமான ஹைட்ரஜனோ கார்பனோ போட்டுத் தயாரித்த அதே மருந்தைத் தெரிந்த அளவில் ஆரம்பத்திலேயே சேர்ப்போம். குணம் எல்லாம் ஒன்று, எடை மட்டும் கொஞ்சம் கூடுதல். ஊருணி மருந்துக்கு என்ன கஷ்டம் வருமோ அதே கஷ்டம் இதற்கும் வரும். போட்டதில் எவ்வளவு திரும்பி வந்தது என்று பார்த்து மற்றதைக் கணக்கிடலாம். இந்த ஐசோடோப்பு மருந்துகள் விலை அதிகம்தான். ஆனால் கண்மாய்த் தண்ணீருக்கு இது இல்லாமல் வரும் எண்ணை நான் நம்ப மாட்டேன்.

எங்கள் ஊரில் எல்லாரும் அமாக்ஸிசிலின்தான் சாப்பிடுகிறோம். முடிவில் அது இல்லையே?

அதன் மூலக்கூறில் பீட்டா-லாக்டம் என்ற நாற்கோண வளையம் ஒன்று உண்டு. தண்ணீரில் அது எளிதில் உடைந்துவிடும், பாக்டீரியாக்களின் நொதியும் உடைக்கும். அதனால் நிறையப் பயன்படுத்தினாலும் ஊருணியில் பிடிபடுவது அபூர்வம். சல்ஃபாமெதாக்சசோலும் ட்ரைமெத்தோப்ரிமும் தண்ணீரிலேயே கரைந்து நீண்ட நாள் நிற்கும்; முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் இவைதான். எதை அதிகம் சாப்பிடுகிறோமோ அதுதான் அதிகம் தெரியும் என்று எண்ண வேண்டாம்.

அறிக்கையில் ‘கண்டறியப்படவில்லை’ என்று இருந்தால் நிம்மதியாக இருக்கலாமா?

அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒவ்வொரு மருந்துக்கும் கண்டறியும் எல்லை ஒன்று, அளவிடும் எல்லை ஒன்று உண்டு. மருந்தே இல்லாதபோதும் கருவி காட்டும் சிறு சலனத்தைவிட (இதை இரைச்சல் என்போம்) மூன்று மடங்கு உயர்ந்து தெரிந்தால், இருக்கிறது என்று சொல்லலாம். பத்து மடங்கு உயர்ந்தால்தான் இவ்வளவு என்று எண் சொல்வது வழக்கம். சிப்ரோஃப்ளாக்சசினுக்குக் கண்டறியும் எல்லை 500 நானோகிராம் என்று வைத்திருக்கும் ஆய்வகம் ‘கண்டறியப்படவில்லை’ என்றால், 64-ஐத் தாண்டியிருக்கிறதா என்ற உங்கள் கேள்விக்கு அது பதிலே சொல்லவில்லை.

இரண்டாவதாக, மீட்பு விகிதத்தைக் கேளுங்கள். தெரிந்த அளவு மருந்தை அதே ஊருணித் தண்ணீரில் சேர்த்துச் சோதித்தால் எத்தனை சதவீதம் திரும்ப வந்தது? ஆய்வகத்தின் சுத்த நீரில் செய்து காட்டிய மீட்பை வைத்துக் கண்மாய்த் தண்ணீரைப் பேசக் கூடாது. மூன்றாவது, கள வெற்றுச் சாம்பிளின் முடிவு. இந்த மூன்றையும் கேட்டால் கோபப்படாமல் எடுத்துக் காட்டும் ஆய்வகமே நல்ல ஆய்வகம்.

செலவு குறைவாகச் சோதிக்க வழி இல்லையா?

உண்டு, ஆனால் வேலை வேறு. எலிசா என்ற முறையில், மருந்தைப் பிடிக்கும் எதிர்ப்புரதத்தைப் பூசிய குழிகளில் தண்ணீரை விட்டு நிறமாற்றத்தைப் பார்ப்பார்கள். ஒரே நாளில் நிறைய சாம்பிளை முதற்கட்டமாகப் பார்த்துப் பிரிக்க உதவும். அமைப்பில் ஒத்த மருந்துகளை அது ஒன்றாக எடுத்துக்கொள்ளும் என்பதால், சந்தேகப்பட்டதை மறுபடி பெரிய கருவியில் உறுதி செய்ய வேண்டும். பால் சோதனையில் ஒரு பாக்டீரியாவை வளரவிட்டு, வளராவிட்டால் மருந்து இருக்கிறது என்று சொல்லும் முறை உண்டு. அது மைக்ரோகிராம் அளவுக்குச் செய்தது. செறிவேற்றாத ஊருணித் தண்ணீருக்கு எட்டாது.

எனக்கு நம்பிக்கை தருவது மின்வேதியியல் உணரிகள். சல்ஃபாமெதாக்சசோலில் உள்ள அமீன் பகுதி, கார்பன் மின்முனையில் ஒரு வோல்ட் அருகே எலக்ட்ரானை இழக்கும். மெட்ரோனிடசோல், குளோராம்ஃபெனிகால் ஆகியவற்றின் நைட்ரோ பகுதி எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும். அப்போது ஓடும் சிறு மின்னோட்டத்தை அளந்தால் மருந்தின் அளவு தெரியும். கருவி கைக்கு அடக்கமானது, படித்துறையிலேயே வைத்துப் பார்க்கலாம். கஷ்டம் என்னவென்றால், அந்தப் பழுப்புச் சாறு மின்முனையில் படிந்து மூடிவிடும், வேறு பொருள்களும் அதே வோல்ட்டில் குறுக்கே வரும். சுத்த நீரில் அருமையாக வேலை செய்யும் உணரியைக் கண்மாய்த் தண்ணீருக்குப் பழக்குவதுதான் பாதி ஆராய்ச்சி.

மின்வேதியியல் என்றால் காரைக்குடிக்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. வேதியியல் படிக்கும் பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், உணரியைச் சோதிக்க வேறெங்கும் தண்ணீர் தேட வேண்டாம். வாசலில் ஊருணி இருக்கிறது.

சேற்றையும் ஏன் அள்ளுகிறீர்கள்?

சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் களிமண்ணிலும் இரும்புத் துகளிலும் போய் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் கொஞ்சமாகத் தெரிந்து சேற்றில் மண்டிக்கிடக்கும். தூர் வாரும்போது அந்த வண்டலை வயலுக்கு அடிப்பது நம் வழக்கம், நல்ல வழக்கமும்கூட. அதனால் தூர் வாருவதற்கு முன்னால் சேற்றைச் சோதிப்பது பயனுள்ளது.

காய்ச்சிக் குடித்தால் போய்விடுமா? தேத்தாங்கொட்டை?

காய்ச்சினால் கிருமி சாகும்; அதற்காகக் கட்டாயம் காய்ச்சுங்கள். ஆனால் பல ஆன்டிபயாடிக்குகள் சமையலறைக் கொதிப்பைத் தாங்கும். தண்ணீர் சுண்டினால் செறிவு கூடும். தேத்தாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் உரசிவிட்டால் கலங்கல் அடியில் இறங்கும், களிமண்ணில் ஒட்டியிருந்த மருந்தும் அதோடு இறங்கும். கரைந்திருப்பது அப்படியே நிற்கும். ஆர்.ஓ. பெரும்பகுதியை நிறுத்தும், கரி வடிகட்டியும் நிறைய உறிஞ்சும், கரியை மாற்ற வேண்டிய நாளில் மாற்றினால். வீட்டில் வைக்கும் புறஊதா விளக்குச் சாதனம் கிருமிக்கானது. இந்த மருந்துக்கு அதை நம்ப வேண்டாம்.

வளவு முற்றத்தில் ஓட்டிலிருந்து விழும் மழையை அண்டாவில் பிடித்து வைக்கும் பழைய வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. ஓட்டில் எச்சம் கழுவப்பட்ட பிறகு பிடிக்கும் அந்தத் தண்ணீர் செப்டிக் டேங்கையோ வயலையோ தொடாமல் வருவது. ஆன்டிபயாடிக் விஷயத்தில் அதற்கு ஈடு இல்லை.

சட்டப்படி எவ்வளவு இருக்கலாம்?

இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500-ல் ஆன்டிபயாடிக்குக்கு வரம்பு கிடையாது. மருந்து ஆலைக் கழிவுநீரில் எவ்வளவு இருக்கலாம் என்று 2020 ஜனவரியில் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு வரைவு வெளியிட்டது. 2021-ல் வந்த இறுதி விதியில் அந்த வரம்புகள் இல்லை. ஆன்டிபயாடிக் தயாரிக்கும் ஆலைகளின் கழிவு பற்றி உலக சுகாதார நிறுவனம் 2024 செப்டம்பரில் வழிகாட்டி கொடுத்தது. கொலிஸ்டின் என்ற, கடைசிக் கட்டத்துக்கென்று வைத்திருக்கும் ஆன்டிபயாடிக்கை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2019 ஜூலையில் நம் நாட்டில் தடை வந்தது. அது நல்ல முடிவு. ஊருணிக்கு வரம்பு இல்லாததால் இப்போதைக்கு மேலே சொன்ன 64, 250 போன்ற எண்களோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். அவை சட்டம் இல்லை, ஆய்வாளர்களின் மதிப்பீடு.

மருந்து இல்லையென்றால், மருந்துக்கு அடங்காத கிருமியும் இல்லை என்று அர்த்தமா?

அர்த்தமில்லை. 2011-ல் வந்த ஓர் ஆய்வில், புதுதில்லியில் எடுத்த 50 குழாய்த் தண்ணீர் சாம்பிள்களில் 2-இல் என்.டி.எம்.-1 என்ற எதிர்ப்பு மரபணு இருந்தது. தெருவில் தேங்கிய நீரில் 171-க்கு 51. கிருமியும் மரபணுவும் கழிவோடு நேரடியாகவே வந்து சேரும். அதற்குச் சோதனை வேறு, பாட்டிலும் வேறு. கிருமி நீக்கிய பாட்டில் வேண்டும். முடிந்தால் இரண்டையும் ஒரே நாளில் எடுங்கள்.

எங்கள் ஊருணியைச் சோதிக்க ஆசை. எப்போது, எத்தனை தடவை எடுப்பது?

ஒரு தடவை எடுத்து ஊருணியைப் பற்றி முடிவு சொல்லிவிடாதீர்கள். காசு இருப்பது மூன்று தடவைக்குத்தான் என்றால், நான் இப்படிப் பிரிப்பேன். ஐப்பசியில் வரத்துக்காலில் முதல் தண்ணீர் வரும் நாளில் ஒன்று. பொட்டலிலும் வயலிலும் சேர்ந்தது எல்லாம் அன்றைக்குத்தான் வரும். தை மாதம், ஊருணி நிரம்பித் தெளிந்து நிற்கும்போது ஒன்று. சித்திரைக் கடைசியில், வற்றிக் குறுகியபோது ஒன்று. மூன்றையும் ஒரே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இல்லையென்றால் ஒப்பிட முடியாது. ஒவ்வொரு தடவையும் ஒரு கள வெற்றுச் சாம்பிள்.

பாட்டிலின் மேல் ஊருணி பெயரும் தேதியும் மட்டும் எழுதினால் போதாது. எத்தனையாவது படி வரை தண்ணீர் நின்றது, கடைசியாக மழை பெய்தது எப்போது, அன்று காலை மாடு இறங்கியதா, பக்கத்து வயலில் எரு அடித்திருந்ததா, எத்தனை மணிக்கு ஐஸில் வைத்தீர்கள், இவையெல்லாம் வேண்டும். பென்சிலால் எழுதுங்கள். ஐஸ் பெட்டிக்குள் பேனா மை கரைந்துவிடும்.